சுமார் நாலாயிரம் ரசிகர்கள்

ஆகஸ்ட் 3, சனி

இன்று நம் கால்பந்து கிளப் ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றது. பூஜ்யம் நம்முடையது. தோல்வியிலும் ஓர் அழகு இருந்தது என்று எழுத ஆசைதான். ஐந்தாவது கோலை நம் ஆளே நம் வலைக்குள் அடித்தானே, அதில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

பார்வையாளர்கள் இருபத்து மூன்று பேர். ஒன்பது பேர் எதிரணிக்காரர்களின் உறவு. நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒருவர் முதல் பாதி முழுக்கச் செல்போனில் யாருடனோ சண்டை போட்டார். சண்டை முடிந்ததும் கிளம்பிவிட்டார். எல்லோரையும் விட அதிகமாகக் கை தட்டிய மனிதரைப் போய்க் கட்டித் தழுவலாம் என்று நெருங்கினேன். கொசு அடித்துக்கொண்டிருந்தார்.

கிளப்பின் செயலாளர் என் தங்கை. பகலெல்லாம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துவிட்டு, சாயங்காலம் பதினெட்டு ஆண்பிள்ளைகளின் காலுறைகளைப் பிரிக்கிறவள். அவள் கணவர், அதாவது என் மச்சான், பயிற்சியாளர். ஒரு நாளைக்குப் பதினோரு வார்த்தை பேசுவார். அதில் ஒன்பது ‘ஓடு’. நான் கௌரவத் தலைமை ஆலோசகர். அந்தப் பதவியை உண்டாக்கியவனும் நான், அதற்குப் போட்டியிட்டவனும் நான், ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தவனும் நான். பிழைப்புக்கு ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி - எதுவானாலும் என் கை பட்டால் சம்பந்தப்பட்டவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்குப் பெரிய மனிதராகிவிடுவார்.

தங்கைக்குக் காய்ச்சல். ஆகவே ஆட்ட அறிக்கையை லீக் அலுவலகத்துக்கு நான் அனுப்பினேன். ‘பார்வையாளர் எண்ணிக்கை, சுமார்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இருபத்து மூன்று என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாலாயிரம் என்று எழுதினேன். ஐயாயிரத்தை நோக்கிப் பாய்ந்த பேனாவை இழுத்துப் பிடித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தங்கைக்குக் காய்ச்சல் விட்டது. “அறிக்கை அனுப்பினியா அண்ணா?” என்றாள். “அனுப்பிட்டேன்மா” என்றேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

லீக்கிலிருந்து கடிதம். முதல் பத்தியில் வாழ்த்து. இவ்வளவு சிறிய மைதானத்தில் நாலாயிரம் பேரைக் கூட்டியது எப்படி என்று அறிய ஆவலாம். இரண்டாம் பத்தியில் வாழ்த்து இல்லை. இந்தப் பிரிவில் ஆட ஒரு கிளப்புக்குக் குறைந்தது நூற்றைம்பது பார்வையாளர் வேண்டும் என்று விதி இருக்கிறதாம். இத்தனை வருஷமாக யாரும் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. இப்போது என் நாலாயிரத்தால் ஃபைல் திறந்துவிட்டது. அக்டோபர் 12 ஆட்டத்துக்கு ஓர் அதிகாரி நேரில் வந்து தலை எண்ணுவார். நூற்றைம்பதுக்கு ஒன்று குறைந்தாலும் கிளப்பின் பெயர் நீக்கப்படும். லீக்கில் பெயர் இல்லாத கிளப்புக்கு நகராட்சி மைதானம் தராது. மைதானத்தை லாரி நிறுத்துமிடமாக்க நகராட்சி எப்போதிருந்தோ கண் வைத்திருக்கிறது.

தங்கை கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். கத்தியிருந்தால் தேவலை. மடித்து வைத்த ஜெர்சிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“பதினொரு வருஷம் அண்ணா” என்றாள். “யாரும் பாக்காம இருந்ததாலதான் இத்தன வருஷம் தாக்குப் பிடிச்சோம். நீ கூப்பிட்டுக் காட்டிட்ட.”

மச்சான் அன்றைய பங்கில் ஒரு வார்த்தையை எனக்காகச் செலவழித்தார். அதை இங்கே எழுத முடியாது.

கிளப்பின் பெயர் நீக்கப்படக் கூடாது. நானே கெடுத்தேன், நானே சரிசெய்கிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனேன். தலையை நகர்த்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 17, சனி

என் முதல் படையெடுப்பு: சுவரொட்டி. நேற்று நகரத்தின் ஒரு சுவரையும் விடவில்லை. நம் கோல்கீப்பர் ‘மலை உருண்டு வந்தாலும் மார்பில் வாங்கும் மாவீரன்’. நடு ஆட்டக்காரர் ‘ஓடினால் நிழல் பின்தங்கும், நின்றால் காற்று மூச்சு வாங்கும்’. அவர் பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, “மாமா, இது யாரு?” என்று கேட்டார்.

அறுபத்தெட்டுப் பேர் வந்தார்கள்! மாவீரன் அரை மணி நேரத்தில் நாலு கோல் விட்டார். நாலும் அவர் கால்களுக்கு நடுவே போயின. இடைவேளைக்குப் பின் திரும்பிப் பார்த்தால் ஆறு பேர்.

போகிற வழியில் தையல்காரர் ஒருவர் என்னிடம் நின்றார். கோபமே இல்லை மனிதரிடம். “நீங்க போட்டதுல பாதி உண்மையா இருந்திருந்தாலும் உக்காந்திருப்பேங்க. கால்வாசி இருந்திருந்தாக்கூட” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 31, சனி

இரண்டாவது படையெடுப்பு: இலவச டீ, பன்.

நூற்றுப் பத்துப் பேர். என் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. இருபதாவது நிமிடத்தில் பன் தீர்ந்தது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் டீ தீர்ந்தது. முப்பதாவது நிமிடத்தில் மைதானமும் தீர்ந்தது. ஒரு பெரியவர் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவந்து நிரப்பிப் போனார். கடைசி வரை இருந்தது பதினேழு பேர். அதில் மூன்று பேர் டீ போட்டவர்கள்.

“டீக்கு வந்தவங்க டீக்குத்தான் மறுபடி வருவாங்க” என்றாள் தங்கை, பாத்திரம் கழுவிக்கொண்டே. “அதிகாரி எண்ணி முடிக்கிறவரைக்கும் டீ ஊத்திட்டே இருக்கப் போறியா?”

அப்படி ஒரு திட்டம் எனக்கு இருந்தது. சொல்லவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

தங்கை ஒரு யோசனை சொன்னாள். சத்தமில்லாத யோசனை. சனிக்கிழமை வந்தவர்களில் தெரிந்த முகங்கள் முப்பத்து நாலு. அவர்கள் பெயரைப் போட்டு ஒரு நன்றி அறிவிப்பு ஒட்டுவது. “வெறும் பேரு மட்டும் அண்ணா. மாவீரன் வேணாம்.”

கூடவே இன்னொரு தாளும் கேட்டாள். ஆட்டக்காரர்களுக்கு மைதான வேலைப் பட்டியல் - யார் கோல் வலை துவைப்பது, யார் சுண்ணாம்புக் கோடு போடுவது, யார் சுவருக்கு அப்பால் விழும் பந்தை எடுப்பது. மொத்தம் முப்பத்து நாலு வேலை. யார் யாருக்கு எது என்று மச்சான் பிறகு கையால் எழுதிக்கொள்வார். எத்தனையோ மாதமாக இந்த வேலைகளை அவளும் மச்சானுமே செய்து வருகிறார்கள் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது வசதியாக இருந்தது.

அச்சகத்தில் இரண்டு சின்ன வேலை சேர்ந்து வந்தால் ஒரே தாளில் இடமும் வலமுமாக ஏற்றி அடித்துவிட்டு நடுவில் வெட்டுவது வழக்கம். அப்படியே செய்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

பன்னிரண்டு இடத்தில் ஒட்டி முடித்தேன். கச்சிதமான வேலை. எவ்வளவு அகலமான, கம்பீரமான தாள்!

செப்டம்பர் 7, சனி

வெட்ட மறந்துவிட்டேன்.

இடப்பக்கம் முப்பத்து நாலு பெயர். வலப்பக்கம் முப்பத்து நாலு வேலை. ஒரே அளவு எழுத்து, ஒரே இடைவெளி. சர்க்கார் உத்தரவு மாதிரி ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு வேலை.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே, பட்டியலில் பெயர் இருந்த பல் டாக்டர் வந்துவிட்டார். கிளினிக்கில் யாரையோ வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருப்பார் போல, அவ்வளவு வேகம்.

“ஒரே ஒரு டீ குடிச்சேன். அதுக்கு நான் வலை துவைக்கணுமா? என் பேஷண்ட் எல்லாம் படிச்சுட்டுச் சிரிக்கிறாங்க!”

நான் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் மச்சான், வேலைக்கு ஆள் வந்துவிட்டதாக எண்ணி, வலையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். டாக்டர் திகைத்துப்போய் அதைப் பார்த்தார். பிறகு இன்னும் கிட்டத்தில் பார்த்தார்.

“இதென்ன இவ்வளவு அழுக்கு? இங்க பாருங்க, ஓட்டை. ஆரம்பத்துலயே கவனிச்சிருக்கலாமே” என்றார். சட்டைக் கையைச் சுருட்டினார்.

அடுத்து அந்தத் தையல்காரர். அவருக்கு நேரே சுண்ணாம்புக் கோடு. சண்டைக்குத்தான் வந்தார். போன வாரத்துக் கோட்டைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டார். “இவ்வளவு கோணலா போட்டா பந்து எப்படிங்க நேரா போகும்?” என்று கழுத்திலிருந்த டேப்பை உருவினார்.

வக்கீல் ஒருவர். நல்ல உடம்பு. சுவருக்கு அப்பால் விழும் பந்து அவருக்கு. “இதுல என் சம்மதம் இல்ல. எழுத்துமூலமா விளக்கம் வேணும்” என்று அறிவித்துக்கொண்டிருக்கும்போதே பயிற்சிப் பந்து ஒன்று அவர் தலைக்கு மேலே பறந்து சுவரைத் தாண்டியது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். போனார்.

இருபத்தொரு பேர் சண்டைக்கு வந்தார்கள். இருபத்தொரு பேரும் கடைசி விசில் வரை இருந்தார்கள். நாம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். இரண்டாவது கோல் விழுந்தபோது கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. பல் டாக்டர்.

“இப்பத்தான்யா துவைச்சேன்! கொஞ்சம் பாத்து நில்லுய்யா!”

மாவீரன் மிரண்டுபோனார். அதன் பிறகு ஒரே ஒரு கோல்தான் விட்டார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வாளியும் கரண்டியும் எடுத்துக்கொண்டு சுவரொட்டிகளைச் சுரண்டப் போனேன். தங்கை வழி மறித்தாள். “தொட்டீன்னா பாரு. உன் ஆயுசுலயே நீ செஞ்ச ஒரே உருப்படியான தப்பு இது.”

செப்டம்பர் 21, சனி

புதுச் சிக்கல். சுவரொட்டியில் பெயர் இல்லாதவர்கள் கோபப்படுகிறார்கள்.

“நானும்தான் அன்னிக்கு டீ குடிச்சேன். பாட்டு டீச்சருக்கு நடுவருக்குத் தண்ணி குடுக்குற வேலை. எனக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார். நியாயம். ஆனால் வேலை தீர்ந்துவிட்டதே? உற்பத்தி செய்யும் பொறுப்பை என் தோளில் ஏற்றுக்கொண்டேன். ‘மேகத்தைக் கவனித்தல்’ ஒருவருக்கு. ‘எதிரணி ஏழாம் எண்ணை முறைத்தல்’ ஒருவருக்கு; பெஞ்சுக்கு அடியில் பன் தின்று பழகிய தெருநாயை ஆட்டத்துக்குள் ஓடாமல் பேச்சில் வைத்திருக்க இரண்டு பேர். கண்ணாடிக் கடைக்காரருக்கு ‘நடுவரின் பார்வையைக் கண்காணித்தல்’. ரொம்பச் சந்தோஷமாகச் செய்தார். நடுவருக்குத்தான் சந்தோஷம் இல்லை.

பல் டாக்டருக்கு வெளியூர்ப் பயணம். தமக்குப் பதிலாக மாமியாரை அனுப்பியிருந்தார், விடுப்புக் கடிதத்துடன். அந்த அம்மாள் கோல் விழுந்தபோது போட்ட சத்தத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு கார் அலாரம் அடித்தது என்று எழுதினால் தங்கை நம்ப மாட்டாள். ஒரு தெரு.

தங்கை எண்ணினாள். தொண்ணூற்றொன்று. நான் எண்ண முன்வந்தேன். அனுமதி இல்லை.

செப்டம்பர் 28, சனி

வெளியூர் ஆட்டம். தோல்வி. நம் வக்கீல் அங்கேயும் வந்து, அவர்கள் சுவர் ஏறி, அவர்கள் பந்தை எடுத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 5, சனி

நூற்று நாற்பத்திரண்டு! அதோடு ஒன்றுக்கு ஒன்று என்று டிரா. மச்சான் அழுதார் என்று நினைக்கிறேன். வியர்வை என்று சொன்னார். அந்தச் சொல் பதினொன்றுக்கு மேல்.

முந்தின உள்ளூர் ஆட்டத்துக்கு வராத ஒருவரைத் தையல்காரர் நிறுத்தி வைத்து, “போன தடவ எங்கங்க ஆளைக் காணோம்? உங்க மூலைக்கொடிய நான் நட்டேன்” என்று கேட்டதைப் பார்த்தேன். அந்த ஆள் மன்னிப்புக் கேட்டார். வராததற்கு மன்னிப்பு! நான் கத்தை கத்தையாய்ச் சுவரொட்டி ஒட்டியபோது ஒரு பயல் கேட்டானா?

இன்னும் எட்டுப் பேர். ஒரே வாரம். தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை.

அக்டோபர் 12, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

ஆட்டம் நாலு மணிக்கு. அதிகாரி மூன்றுக்கு வந்தார். ஒல்லியான மனிதர். கையில் அழுத்தினால் எண் கூடுகிற சின்னக் கருவி. கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீ வேண்டாம், பன் வேண்டாம், பேச்சும் வேண்டாம். நாலு மணிக்குக் கருவியைத் தங்கையிடம் காட்டினார்.

முப்பத்தெட்டு.

வேலை உள்ளவர்கள் எல்லோரும் ஒரு மணிக்கே வந்து உள்ளே இருக்கிறார்கள்!

“உள்ள நிறையப் பேர் இருக்காங்க சார்” என்றாள் தங்கை.

“இருக்கலாம்மா. நான் பாத்தது முப்பத்தெட்டு.”

இருந்தாலும் நல்ல மனிதர், இடைவேளையில் எழுந்து உள்ளே எண்ண வந்தார். எப்படி எண்ணுவது? ஒரு ஆசாமி ஓர் இடத்தில் உட்கார்ந்தால்தானே? ஒருவர் கொடியை நேராக்குகிறார், ஒருவர் வாளி தூக்குகிறார், இரண்டு பேர் நாயோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று சுற்று வந்துவிட்டு நின்றார். “இந்த வலைக்காரரையே நாலு தடவ எண்ணிட்டேன் போலிருக்கு” என்று கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். “முடிஞ்சு வெளிய போகும்போது கேட்டுல எண்ணுறேன். ஆனா ஆறு மணிக்கு எனக்கு பஸ்.”

ஐந்தே முக்காலுக்கு விசில். பதினைந்து நிமிஷம் இருக்கிறது. உலகத்தில் எந்தக் கிளப்பின் தலைமை ஆலோசகனும் வேண்டாத வரத்தை நான் வேண்டினேன்: கடவுளே, இவர்களெல்லாம் தொலைந்து போகட்டும்!

ஒருவரும் அசையவில்லை. நாற்காலி அடுக்க வேண்டுமே. கொடி பிடுங்க வேண்டுமே.

“டாக்டர், கிளம்புங்க!”

“வலைய ஈரத்தோட மடிச்சா நாறும் மாமா.”

“வக்கீல் சார், வீட்டுக்குப் போங்க சார், கெஞ்சிக் கேக்குறேன்.”

“ரெண்டு பந்து இன்னும் வெளியில இருக்கு. கணக்கு ஒப்படைக்காம எப்படிப் போறது?”

தையல்காரர் மட்டும் மிகுந்த மரியாதையோடு, “என்னங்க மாமா, அன்னிக்கு நாங்க போறோம்னு வருத்தப்பட்டீங்க, இன்னிக்குத் துரத்துறீங்க” என்றார்.

ஐந்து ஐம்பத்திரண்டு. கருவியில் ஒன்பது. அதிகாரி பையைத் தோளில் மாட்டினார். நானே சுவர் ஏறிக் குதித்துச் சுற்றி வந்து கேட் வழியாக ஒரு நூற்று நாற்பது தடவை போகலாமா என்று யோசித்தேன். ஒரு காலைச் சுவர்மேல் வைத்தும்விட்டேன். பின்னாலிருந்து தங்கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கையோடு மைக்கை எடுத்தாள். பதினொரு வருஷத்தில் அவள் மைக்கைத் தொட்டதில்லை.

“எல்லாரும் வேலைய அப்படியே வெச்சுட்டு கேட் வழியா வெளிய போங்க. இப்ப அதுதான் வேலை.”

அவ்வளவுதான். வேலை என்றதும் வரிசை கட்டிவிட்டார்கள். டாக்டர் ஈர வலையைத் தோளில் போட்டபடி போனார். வக்கீல் வாசலில் நின்று, “திரும்ப உள்ள வரலாமா?” என்று கேட்டார். “ஆறு மணிக்கு மேல” என்றாள் தங்கை. டிக் டிக் டிக் என்று அந்தச் சின்னக் கருவி அடித்த ஓசை இருக்கிறதே - இதற்கு முன் எனக்கு உவமைக்குப் பஞ்சம் வந்ததில்லை. வந்துவிட்டது.

நூற்று அறுபத்து மூன்று.

எழுதும்போதே புளுகுவது மாதிரி இருக்கிறது. ஆனால் நூற்று அறுபத்து மூன்றுதான். தங்கை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “எல்லாம் சரி. அந்த நாலாயிரம்?”

பதில் ஏழெட்டு என் நாக்கின் நுனியில் இருந்தன. ஒவ்வொன்றும் முத்து. தங்கை என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருபத்து மூணு சார்” என்றேன். “எழுதினது நான். இவளுக்குத் தெரியாது.”

“இருபத்து மூணா!”

“அதுலயும் ஒருத்தர் கொசு அடிக்க வந்தவர் சார்.”

அவர் எதையோ நீளமாகக் குறித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். தெருவில் காத்திருந்த நூற்று அறுபத்து மூன்று பேரும் நாற்காலி அடுக்க உள்ளே வந்தார்கள்.

ஆட்டத்தில் தோற்றோம் என்று நினைக்கிறேன். யாரையாவது கேட்க வேண்டும்.

அக்டோபர் 13, ஞாயிறு

பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன். எண்பது மணி நேரம் என்று எழுதிவிட்டு அடித்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

லீக் கடிதம். கிளப் அதே பிரிவில் தொடரலாம். மைதானமும் நம்முடையதே. தவறான அறிக்கைக்குத் தண்டனை இரண்டாம் பத்தியில்: ‘மேற்படி ஆலோசகர் இனி கிளப்பின் சார்பாக எந்த எண்ணையும் எந்தத் தாளிலும் எழுதக் கூடாது.’

தங்கை அதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாளாம். கௌரவத் தலைமை ஆலோசகர் பதவி பற்றிக் கேட்டேன். “அப்படி ஒண்ணு இருந்துச்சா?” என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டே, தட்டில் இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

நவம்பர் 2, சனி

அச்சகத்தில் அவசர வேலை. மைதானத்துக்குப் போகும்போது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம். கேட்டில் சிவப்புக் குடை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி நின்றிருந்தார். முன்பின் பார்த்ததில்லை.

“என்னங்க இவ்வளவு லேட்டு? உங்களுக்கு என்ன வேலை?”

“எனக்கு வேலைன்னு ஒண்ணும் இல்லம்மா. நான் வந்து...” என்று தொண்டையைக் கனைத்தேன்.

“ஓ, புதுசா? பயப்படாதீங்க, பழகிடும். அந்தக் கோடியில சாக்கடை திறந்து கிடக்குது. பந்து விழாம பாத்துக்கணும். அங்க போய் நில்லுங்க. திரும்பி வேடிக்கை பாத்துட்டு நின்னீங்கன்னா விழுந்துரும், சாக்கடையப் பாத்தே நில்லுங்க.”

தூரத்தில் மச்சான் பார்த்தார். தங்கையும் பார்த்தாள். இருவரும் அந்த அம்மாளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எண்பது நிமிஷம் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு தடவை பெரிய கூச்சல். நாம் இரண்டு கோல் போட்டு ஜெயித்தோமாம். பந்து ஏழு தடவை என் பக்கம் வந்தது. ஒன்றையும் விழவிடவில்லை.